எண்பத்து நாலு சென்டிமீட்டர் கடல்

மதுரையிலிருந்து எந்தத் திசையில் பஸ் ஏறினாலும் கடலைப் பார்க்க மூன்று மணி நேரமாவது ஆகும். இதை இத்தனை தலைமுறையாக யாரும் ஒரு குறையாக எடுத்துக்கொண்டதில்லை. அலங்காநல்லூர் சாலையிலுள்ள அலைமகள் கலை அறிவியல் கல்லூரியின் தாளாளர்தான் முதலில் எடுத்துக்கொண்டார். பக்கத்துக் கல்லூரிகளெல்லாம் செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல் என்று பலகை வைத்துப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டிருந்த நேரம். மதுரையில் வேறு எங்கும் இல்லாத பாடம் ஒன்று தம் கல்லூரிக்கு வேண்டும் என்று ஆட்சிக்குழுவைக் கூட்டினார். மதுரையில் இல்லாதது என்ன என்று கேட்டார். ஒருவர் மழை என்றார். இன்னொருவர் வண்டி நிறுத்த இடம் என்றார். மூன்றாமவர் கடல் என்றார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அறிவியல் முதலாண்டுக்கு 'அறிமுக இயற்பியல் கடலியல்' கட்டாயப் பாடமாயிற்று.

பாடத்திட்டம் கடலோரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து ஒரு காற்புள்ளி மாறாமல் எடுக்கப்பட்டது. அலை, ஓதம், நீரோட்டம், உப்புத்தன்மை, வெப்பநிலை என்று ஐந்து அலகுகள். செய்முறைப் பகுதியில், மாணவர் கடற்கரைக்குச் சென்று கடல் மட்டத்தின் ஏற்ற இறக்கத்தை மணிக்கொரு முறை அளக்க வேண்டும் என்று இருந்தது. கல்லூரியின் பின்பக்க மேட்டில், கழிப்பறைகளுக்கும் கேன்டீனுக்கும் தண்ணீர் போகிற திறந்த சிமெண்டுத் தொட்டி ஒன்று இருந்தது. நாலடி ஆழம். அதன் உட்சுவருக்கு நீலச் சாயம் பூசி, அளவுகோல் வரைந்து, சுற்றிலும் இரண்டு லாரி மணலைக் கொட்டி, 'கடலியல் ஆய்வுக்களம்' என்று பலகை மாட்டினார்கள். திறப்பு விழாவன்று தாளாளர் தம் கையால் பத்து மூட்டை உப்பைத் தொட்டியில் கொட்டி, "இன்று முதல் மதுரை ஒரு கடற்கரை நகரம்" என்று அறிவித்தார்.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் தினமும் ஏற ஏறக் கடலின் உப்பு குறைந்தது. ஆகவே திங்கள்கிழமைதோறும் மாணவர் ஆளுக்கு ஒரு பாக்கெட் கல்லுப்புடன் வரிசையில் நின்று, கடல் உறுதிமொழி எடுத்து, அதைத் தொட்டியில் போட வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. கேன்டீனில் சாம்பாருக்கு உப்புப் போடுவதை நிறுத்திக்கொண்டார்கள். தேநீர் பழகுவதற்குத்தான் சில வாரங்கள் பிடித்தன. மணலில் கால் வைக்கிற எவரும் ஆரஞ்சு நிற உயிர்காப்புச் சட்டை அணிய வேண்டும் என்பது இன்னொரு விதி. நீந்தத் தெரியாத மாணவர்கள் தொட்டிக்குப் பத்தடி தள்ளி நின்று கடலை எட்டிப் பார்க்கலாம்.

ஓதம் என்கிற அந்த ஏற்ற இறக்கத்துக்குக் காரணம் நிலவின் ஈர்ப்பு என்று வகுப்பில் பாடம் நடந்தது. களத்தில் அதற்குக் காரணம் காளை. அவர் மோட்டார் ஆபரேட்டர். காலை ஒன்பதரைக்கு ஒரு தடவை, இரவு ஒன்பதரைக்கு ஒரு தடவை சுவிட்சைப் போடுவார். முக்கால் மணி நேரத்தில் தண்ணீர் எண்பத்து நாலு சென்டிமீட்டரைத் தொடும். அதற்கு மேல் வழிகுழாய். ஆயிரத்து எண்ணூறு பிள்ளைகளும் கை கழுவி, முகம் கழுவி, மற்றதும் கழுவி மாலைக்குள் அதைக் கீழே இறக்கிவிடுவார்கள். இரவில் ஏறியதை விடுதிப் பிள்ளைகள் காலைக்குள் இறக்கிவிடுவார்கள். ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம். புத்தகத்தில் இருந்ததும் அதுவே. துறைத்தலைவர் முனைவர் கண்ணுச்சாமி நெகிழ்ந்துபோனார். அவருடைய முனைவர் பட்டம் பருத்திப் பூச்சிகளைப் பற்றியது. ஆனாலும், உண்மைக் கடலில் ஓதம் தினமும் ஐம்பது நிமிடம் தாமதமாக வரும் என்பதைப் படித்துத் தெரிந்துகொண்டு, 'நமது கடல் நேரம் தவறுவதில்லை' என்று ஆண்டறிக்கையில் பெருமையாகக் குறிப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஓதம் கிடையாது. அன்று காளைக்கு விடுப்பு.

இந்தக் கல்லூரியிலிருந்துதான் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் கருப்புவுக்குப் போன் வந்தது.

கருப்பு அப்போது கண்மாய்க் கரையில் நின்றிருந்தார். அவர் ஊர்க் கண்மாயின் நீர்பாய்ச்சி. அவருடைய அப்பாவும் அதே. மடையை ஒட்டி நிற்கும் கல்தூணில் பதினோரு கோடுகள் உண்டு. தண்ணீர் எத்தனையாவது கோட்டில் நிற்கிறது என்று அவர் வந்து சொன்னால், எத்தனை ஏக்கர் நடலாம் என்று ஊர் அதை வைத்தே முடிவெடுக்கும். தூணைப் போய்ப் பார்க்கிற வழக்கம் யாருக்கும் இல்லை. கருப்பு சொல்லிவிட்டார் என்றால் தண்ணீர் அங்கேதான் நிற்கிறது என்று அர்த்தம். ஒரு வருடம் அவருடைய மச்சினனே வந்து, "ஒரே ஒரு கோடு கூட்டிச் சொல்லுங்க மச்சான், என் வயலும் சேர்ந்துரும்" என்று கேட்டான். கருப்பு மாட்டேன் என்றார். மூன்று பொங்கலுக்கு அவன் அக்கா வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

போனில் பேசியது அலுவலகக் குரல். "முத்துமீனாவோட அப்பாவா? உங்க பொண்ணு செய்முறைத் தேர்வுக்கு ஹால் டிக்கெட் நிறுத்தியிருக்கு. நாளைக்கு ஹெச்ஓடிய வந்து பாருங்க."

அந்த வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் முத்துமீனா. கருப்பு சைக்கிளை மிதித்து வீட்டுக்கு வந்தபோது அவள் வாசலில் உட்கார்ந்து அவரையே எதிர்பார்த்திருந்தாள்.

"என்ன தாயி செஞ்ச?"

"தண்ணிய அளந்தேன்ப்பா."

"அதுக்கா நிறுத்துனாக?"

"முந்தாநேத்து கரண்டுக்காரங்க மாசாமாசம் நிறுத்துற நாளு. காலைல ஒம்பதுக்கே கரண்டு போயிருச்சு. மோட்டார் ஓடல. தொட்டில பத்து மணிக்கு முப்பத்தொண்ணு, மூணு மணிக்குப் பதினெட்டு. அதத்தான் ரெக்கார்டுல எழுதுனேன். கீழ, 'மின்தடையினால் ஓதம் வரவில்லை'ன்னு ஒரு வரி போட்டேன்."

"மத்த பிள்ளைக?"

"எம்பத்தி நாலுன்னு எழுதிருச்சுக. அறுபத்து மூணு பேரும்."

"அவுகள்ளாம் எந்தத் தொட்டியப் பாத்தாக?"

"யாரும் தொட்டியப் பாக்கலப்பா. சாரு ஒரு மாதிரி ரெக்கார்டு குடுத்திருக்காரு. அதப் பாத்து எழுதணும். எல்லா வருசமும் அப்படித்தானாம்."

அவள் ரெக்கார்டு நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். அவள் எழுதிய வரிக்குக் குறுக்கே சிவப்பு மையில், 'கடல் மின்சாரத்தில் ஓடுவதில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார் கண்ணுச்சாமி.

உள்ளேயிருந்து தங்கப்பொண்ணு எட்டிப் பார்த்தாள். "எம்பத்தி நாலுன்னே எழுதிட்டுப் போனா என்னடி? குண்டி கழுவுற தண்ணிதான, அதுல என்ன ஏறிப்போச்சு எறங்கிப்போச்சு?"

கருப்பு மனைவியைத் திரும்பிப் பார்த்தார். தங்கப்பொண்ணுக்கு அந்தப் பார்வை தெரியும். தம்பி வராமல் போன மூன்று பொங்கலும் அந்தப் பார்வையைப் பார்த்தவள் அவள். "நான் ஒண்ணுஞ் சொல்லல சாமி" என்று அவருடைய வெள்ளை வேட்டியை எடுத்துத் தேய்க்கப் போனாள்.

மறுநாள் கண்ணுச்சாமி அறையில் கருப்புவுக்கு நாற்காலி கொடுத்தார்கள். சுவரில் திமிங்கிலப் படம் ஒன்று மாட்டியிருந்தது.

"உங்க பொண்ணு கடலைக் கேவலப்படுத்தியிருக்கா" என்று தொடங்கினார் கண்ணுச்சாமி.

"எந்தக் கடல சார்?"

"நம்ம கடலைத்தான். பின்னாடி இருக்கே." கண்ணுச்சாமி தண்ணீர் குடித்து முகம் சுளித்தார். அது உப்புக் கரித்தது. "அறுபத்து மூணு பேர் எண்பத்து நாலுன்னு எழுதியிருக்காங்க. ஒருத்தி முப்பத்தொண்ணுங்கிறா. இதுல அறிவியல்படி எது சரி? நீங்களே சொல்லுங்க."

"தொட்டியப் பாத்தாத் தெரிஞ்சுரும் சார்."

"தொட்டியை யார் வேணாலும் பாக்கலாம்ங்க. அதுக்கு ஒரு துறை எதுக்கு? ரெக்கார்டைத்தான் கமிட்டி பாக்கும். செவ்வாய்க்கிழமை தர ஆய்வுக் குழு வருது. அறுபத்து நாலு நோட்டும் ஒண்ணுபோல இருந்தாத்தான் அது ஆராய்ச்சி. ஒண்ணு மட்டும் வேற மாதிரி இருந்தா அது புகார்."

"நான் இப்ப என்ன செய்யணும் சார்?"

"மன்னிப்புக் கடிதம். 'என் மகள் கவனக் குறைவால் கடல் மட்டத்தைத் தவறாக அளந்துவிட்டாள், இனி இவ்வாறு அளக்க மாட்டாள்'னு எழுதி நீங்க கையெழுத்துப் போடணும். அவ ரெக்கார்டைத் திருப்பி எழுதணும். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குள்ள. இல்லேன்னா வெள்ளிக்கிழமை செய்முறைத் தேர்வு எழுத முடியாது. கட்டாயப் பாடம். ரெண்டாம் வருசம் போக முடியாது. பொம்பளப் பிள்ளை ஒரு வருசம் வீட்ல உக்காந்தா அப்புறம் என்ன ஆகும்னு உங்களுக்கு நான் சொல்ல வேணாம்."

கருப்பு எழுந்து நின்றார். "என் மக அளந்தது தப்புன்னா நானே எழுதித் தாரேன் சார். ஒரு தடவை அந்தத் தொட்டியக் காட்டுங்க."

"பெற்றோருக்கு உயிர்காப்புச் சட்டை இல்லையே" என்றார் கண்ணுச்சாமி.

வெளியே வந்தவர் மோட்டார் அறைக்கு அருகில் ஒரு நிமிடம் நின்றார். உள்ளே காளை பீடியை அணைத்துவிட்டு எழுந்தார். இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து ஊர். ஒரு வகையில் மாமன் மச்சான் முறையும் உண்டு.

"வாங்க மாப்ள. உங்க பிள்ள பேரச் சொல்லித்தான் டிப்பாட்மெண்டே கெடந்து குதிக்குது."

"புதங்கிழம மோட்டார் ஓடுச்சா?"

"கரண்டு இல்லாம நான் என்ன வாயால ஊதியா ஏத்துவேன்? இந்தக் கடல ரெண்டு வருசமா நான்தான் ஓட்டுறேன் மாப்ள. தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு கேட்டேன். 'நிலா லீவு போடுமா?'ன்னு கேக்குறாரு கண்ணுச்சாமி சாரு. அப்ப நிலாவுக்குள்ள சம்பளத்தப் போட்டுக் குடுங்கன்னேன். அதுக்கும் கோவிச்சுக்கிட்டாரு."

கருப்பு சிரிக்கவில்லை. அது அவருக்குச் சிரிப்பு வருகிற நாள் இல்லை. "இத எழுத்துல தருவியா?" என்று கேட்டார்.

காளை தலையைச் சொறிந்தார். "எனக்கும் பிள்ளகுட்டி இருக்கு மாப்ள."

செவ்வாய்க்கிழமை கருப்பு கடிதம் எழுதாமல்தான் வந்தார். முதல்வரையே பார்த்துப் பேசிவிடலாம் என்று நினைத்திருந்தார். முத்துமீனாவும் ரெக்கார்டைத் திருத்தவில்லை. பஸ்ஸில் அவள், "அப்பா, நான் வேணா எம்பத்தி நாலுன்னு மாத்தி எழுதிரவா? உங்களுக்குத்தான் வீண் அலைச்சல்" என்று ஒரு தடவை கேட்டாள். "அளந்தியா?" என்றார் கருப்பு. "அளந்தேன்." "பெறகென்ன" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கல்லூரி அன்று கடல் மணத்தோடு இருந்தது. நுழைவாயிலில் கருவாடு கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். காளை ஏழு மணிக்கே மோட்டாரைப் போட்டுத் தொட்டியை எண்பத்து நாலுக்கு ஏற்றியிருந்தார். ஆய்வுக் குழு ஒன்பது மணிக்கு வருவதாக ஏற்பாடு. குழு மீனாட்சியைத் தரிசிக்கப் போயிருக்கிறது என்று எட்டே முக்காலுக்குத் தகவல் வந்தது. எட்டு ஐம்பதுக்குக் கடல் எண்பத்திரண்டுக்கு இறங்கிவிட்டது. முதல்வர் அவசரக் கூட்டம் போட்டார். கூட்டத்தின் முடிவில் கல்லூரியின் நாற்பத்திரண்டு கழிப்பறைகளும் பூட்டப்பட்டன.

ஒலிபெருக்கியில் முதல்வர் பேசினார்: "அன்பு மாணவச் செல்வங்களே! இது நம் கல்லூரியின் வரலாற்று நாள். உங்கள் ஒவ்வொருவரின் உடலுக்குள்ளும் ஒரு கடல் இருக்கிறது. அதைச் சிறிது நேரம் அடக்கி வையுங்கள். நீங்கள் இன்று அடக்குகிற ஒவ்வொரு துளியும் நாளை நம் தரச்சான்றிதழில் ஓர் எழுத்தாக மின்னும்."

பத்து மணிக்கு மாணவர்கள் பொறுத்தார்கள். பதினொரு மணிக்குச் சிலர் நடக்கும் முறை மாறியது. பொருளியல் துறையில் மூன்றாமாண்டு முழுவதும் எழுந்து நின்றபடி பாடம் கேட்டது. காத்திருந்த கருப்புவைக் கண்ணுச்சாமி வராந்தாவில் பிடித்தார். பெற்றோர் பிரதிநிதியாக வரச் சொன்ன ஐந்து பேரில் ஒருவர்கூட வரவில்லை. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் விறைப்பாக நின்ற ஒரே ஆள் கருப்புதான்.

"கடிதம் கொண்டாந்தீங்களா?"

"இல்ல சார்."

கண்ணுச்சாமிக்குக் கோபம் வந்தது. ஆனால் தேவை அதைவிடப் பெரிதாக இருந்தது. குரலை இறக்கிக்கொண்டார். "பரவால்ல விடுங்க. உங்களுக்கு ஒரு வழி சொல்றேன். பெற்றோர் கருத்துன்னு ஒரு பக்கம் அடிச்சு வச்சிருக்கோம். குழு முன்னாடி நீங்க இத வாசிங்க. மன்னிப்புக் கடிதமே வேணாம். ஹால் டிக்கெட் என் பையில இருக்கு, வாசிச்சு முடிச்சதும் உங்க கையில." சட்டைப் பையிலிருந்து அதன் நுனியை இழுத்துக் காட்டினார். முத்துமீனாவின் புகைப்படத்தில் பாதி தெரிந்தது.

கருப்பு தாளை வாங்கிக்கொண்டார். மன்னிப்பு வேண்டாம் என்றதே அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. கண்ணாடி இல்லாததால் தாளை அங்கே வாசித்துப் பார்க்கவில்லை. அந்த ஒரு கவனக்குறைவு அவரிடம் உண்டுதான்.

பன்னிரண்டு மணிக்குக் குழு வந்திறங்கியது. ஐந்து பேர். தலைவருக்கு எழுபது வயதிருக்கும். கோயிலில் நீண்ட வரிசை, அதன் பிறகு கார்ப் பயணம். மாலை, நாதஸ்வரம், ஆரத்தி எல்லாவற்றையும் அவர் ஒரே மூச்சில் தாண்டி வந்து முதல்வரின் காதில் கேட்ட முதல் கேள்வி, "டாய்லெட் எங்கே?" என்பது.

கழிப்பறையைத் திறந்தார்கள். தலைவருக்காக ஒன்றைத்தான் திறந்தார்கள். ஆனால் சாவிச் சத்தம் மூன்று மாடிக்கும் கேட்டது. அடுத்த இரண்டு நிமிடத்தில் ஆயிரத்து எண்ணூறு பேர் படியிறங்கினார்கள். மற்ற நாற்பத்தொரு பூட்டுகள் என்னவாயின என்று விசாரிக்கப் பின்னர் ஒரு குழு அமைக்கப்பட்டது. காளை மோட்டாரைப் போட்டுப் பார்த்தார். காலையிலேயே தண்ணீர் முழுவதையும் கொடுத்துவிட்ட ஆழ்துளைக் கிணறு நூல் போல ஒழுகியது. "கடலு காலி" என்று அவர் கண்ணுச்சாமிக்குப் போன் செய்தார்.

"யாரும் கீழே பார்க்க வேண்டாம். எல்லாரும் நேராகப் பாருங்கள்" என்று கண்ணுச்சாமி மாணவர்களுக்கு ஆணையிட்டார்.

பன்னிரண்டரைக்குக் குழு ஆரஞ்சுச் சட்டைகளை மாட்டிக்கொண்டு மணலில் வந்து நின்றது. அறுபத்து நாலு மாணவர்கள் ஆரஞ்சு நிறத்தில் அணிவகுத்திருந்தார்கள். கருப்புவுக்கும் ஒரு சட்டையைப் பூட்டி முன்வரிசையில் நிறுத்தியிருந்தார்கள்.

"இன்றைய உயர் ஓதம்?" என்று கண்ணுச்சாமி உரத்த குரலில் கேட்டார்.

"எண்பத்து நாலு!" என்று அறுபத்து மூன்று குரல்கள் எழுந்தன.

குழுத் தலைவர் தொட்டியின் பக்கம் கழுத்தைத் திருப்பினார். அதற்குள் முதல்வர் ஓர் இளநீரை நீட்டினார். தலைவர் இளநீரின் பக்கம் திரும்பிவிட்டார். "நல்ல ஒற்றுமை. கடலோரக் கல்லூரிகளில்கூட ரீடிங் இப்படி ஒன்றுபோல வருவதில்லை" என்று பாராட்டினார். பக்கத்திலிருந்த உறுப்பினர் படிவத்தில் ஏதோ எழுதிக்கொண்டார். "பெற்றோர் யாராவது பேசலாமே?"

கருப்பு முன்னால் வந்தார். முத்துமீனாவிடம் தாளைக் கொடுத்து வாசிக்கச் சொல்ல நினைத்தார். அது முறையல்ல என்று தோன்றியது. தாளைக் கையெட்டும் தூரம் தள்ளிப் பிடித்து எழுத்தெழுத்தாக வாசித்தார்.

"மதிப்பிற்குரிய குழுவினரே. நான் ஒரு... எளிய விவசாயி. என் மகள் இக்கல்லூரியில்... கடலைக் கண்டு, கடல்போல் அறிவு பெற்றாள். அவள் தினமும் கடல் மட்டத்தைத் துல்லியமாக அளக்கிறாள். இன்று அது..."

நின்றுவிட்டார்.

"வாசிங்க" என்று பல்லுக்கிடையில் சொன்னார் கண்ணுச்சாமி.

கருப்பு தாளைப் பார்த்தார். பிறகு தலையைச் சாய்த்துத் தொட்டிக்குள் பார்த்தார். அங்கே நின்றவர்களில் தொட்டிக்குள் பார்த்தவர் அவர் ஒருவர்தான். தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தாளைப் பார்த்து அதன் அளவைச் சொல்வது அந்தக் குடும்பத்தில் யாரும் செய்யாத காரியம். கண்ணுச்சாமி சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். ஹால் டிக்கெட்டின் நுனி வெளியே எட்டிப் பார்த்தது. பின்வரிசையில் முத்துமீனா அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கருப்பு தாளை நாலாக மடித்தார். ஆரஞ்சுச் சட்டையின் வாரைக் கழற்றி அதை மணலில் வைத்தார். அது இருந்தால் கால் தெரியாது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தொட்டிச் சுவரில் கைவைத்து ஏறி, உள்ளே இறங்கினார்.

தண்ணீர் அவருடைய கணுக்காலுக்குச் சற்று மேலே நின்றது.

"ஐயா" என்றார் குழுத் தலைவரைப் பார்த்து. "எம்பத்தி நாலுன்னா எனக்குத் தொடை நனையணும்."

கருப்பு சுவரில் இருந்த அளவுகோலைத் துடைத்துவிட்டு, கண்ணாடி இல்லாததால் மகளைக் கூப்பிட்டார். "தாயி, இங்கன வா. எம்புட்டு?"

முத்துமீனா வரிசையை விட்டு வந்தாள். குனிந்து பார்த்தாள். "ஒம்போதுப்பா."

"சத்தமாச் சொல்லு. அவுகளுக்குக் கேக்கல."

"ஒம்போது!"

அப்போதுதான் விசில் ஊதியது. பாதுகாப்பு அலுவலர் ஊதினார். உயிர்காப்புச் சட்டை இல்லாமல் ஒருவர் கடலில் இறங்கிவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று அவரிடம் பதினாறு பக்கக் கையேடு இருந்தது. இந்த இரண்டு வருடத்தில் யாருமே இறங்கியதில்லை. அவர் எவ்வளவு ஆவலோடு இதற்குக் காத்திருந்தார் என்பது அந்த விசிலில் தெரிந்தது. நாட்டு நலப்பணித் திட்ட மாணவர் நால்வர் கயிற்றோடு ஓடிவந்து, "பதற வேண்டாம், நாங்கள் இருக்கிறோம்" என்று கத்தியபடி மிதவை வளையத்தை வீசினார்கள். வளையம் மிதக்கவில்லை. கருப்புவின் காலடியில் தரைதட்டி உட்கார்ந்தது.

"பிடிச்சுக்கங்க ஐயா!" என்றான் ஒருவன்.

"நின்னுக்கிட்டுத்தானய்யா இருக்கேன்" என்றார் கருப்பு.

"பிடிச்சாத்தான் சார் டிரில் முடியும்."

குழு உறுப்பினர் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்து, 'மீட்புப் படையின் வேகம்: மிகச் சிறப்பு' என்று எழுதினார்.

கண்ணுச்சாமி வியர்வையைத் துடைத்துக்கொண்டு தலைவரிடம் போனார். "சார், இது ஒரு அபூர்வமான தாழ் ஓதம்..."

தலைவர் கையை உயர்த்தினார். அவர் நிறையக் கல்லூரிகளைப் பார்த்தவர். கடல் வற்றியதைக் கண்டு அவர் கலங்கவில்லை. நிதானமாகப் பேசினார்: "டாக்டர் கண்ணுச்சாமி, இதில் சங்கடப்பட ஒன்றுமில்லை. எங்கள் அறிக்கை போன வாரமே அச்சாகிவிட்டது. அதில் எண்பத்து நாலு என்றுதான் இருக்கிறது. நாங்கள் வந்தது அதைச் சரிபார்க்க அல்ல, சமர்ப்பிக்க. இந்தக் கடல் மாலைக்குள் தன்னைத் திருத்திக்கொள்ளட்டும்."

எல்லோரும் கைதட்டினார்கள்.

"ஐயா" என்றார் தொட்டிக்குள் நின்ற கருப்பு. "தண்ணிய அளந்ததுக்கு என் மக ஹால் டிக்கெட்ட நிறுத்தி வச்சிருக்காக. அது எப்படிங்கய்யா?"

தலைவர் புருவத்தைச் சுருக்கி, பக்கத்திலிருந்தவரிடம் அறிக்கையை வாங்கிப் புரட்டினார். "நுழைவுச் சீட்டு நிறுத்தப்பட்ட மாணவர்: எவருமில்லை" என்று வாசித்தார். கண்ணுச்சாமியை நிமிர்ந்து பார்த்தார். "எவருமில்லை என்று அச்சாகியிருக்கிறதே?"

"சார், அது வந்து... ஒரே ஒரு பொண்ணு..."

"அச்சில் எவருமில்லை என்றால் எவருமில்லை. அறிக்கையைப் பொய்யாக்கப் பார்க்கிறீர்களா?"

கண்ணுச்சாமியின் கை தானாகச் சட்டைப் பைக்குள் போனது. ஹால் டிக்கெட் வெளியே வந்தது. தொட்டிச் சுவரின் மேலாக அதை அவர் முத்துமீனாவிடம் நீட்டியபோது, நால்வரும் இன்னும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கருப்பு பெரிய மனது பண்ணிக் குனிந்து மிதவை வளையத்தைத் தொட்டார். டிரில் முடிந்தது.

மாலை நாலரைக்கு அலுவலகத்தில் அவரைக் கூப்பிட்டார்கள். எழுத்தர் ராமக்காள் ஒரு கோப்பைத் திறந்து வைத்திருந்தாள்.

"அண்ணே, ஹால் டிக்கெட் குடுத்தாச்சு, சரி. ஆனா கோப்பு மூடணுமே. உங்க கிட்டருந்து ஒரு கடிதம் வந்தாகணும்."

"என்ன கடிதம்?"

"என்னமோ ஒண்ணு. நிறுத்துனதுக்கும் குடுத்ததுக்கும் நடுவுல ஒரு காயிதம் இருக்கணும்ண்ணே. இல்லேன்னா ஆடிட்ல என்னையப் பிடிப்பாக."

கருப்பு தாளை வாங்கி உட்கார்ந்தார். பக்கத்தில் முத்துமீனா நின்றாள். மூன்றே வரிகள் எழுதினார். 'என் மகள் புதன்கிழமை அளந்து எழுதியதைப் பார்த்தேன். இன்று பகல் பன்னிரண்டரைக்கு நானே இறங்கிப் பார்த்தேன். ஒன்பது சென்டிமீட்டர். இப்படிக்கு, கருப்பு, நீர்பாய்ச்சி.'

ராமக்காள் மேலும் கீழும் பார்த்தாள். "இதுல மன்னிப்புன்னு எங்கயும் இல்லையேண்ணே."

"இல்ல."

"பரவால்ல. மேல 'பொருள்'னு ஒரு வரி வரும்ல, அங்கன 'மன்னிப்புக் கோருதல்'னு நான் போட்டுக்கிறேன். நீங்க வீட்டுக்குப் போங்க."

கருப்பு உள்ளங்கையைத் தாளின் மேல் வைத்தார். அழுத்தி வைத்தார் என்றும் சொல்ல முடியாது. வைத்தார், எடுக்கவில்லை.

"அண்ணே, நாலே முக்காலுக்கு எனக்கு மாட்டுத்தாவணி வேன்."

"போயிட்டு வா தாயி. நாளைக்கும் இங்கனதான் உக்காந்திருப்பேன்."

ராமக்காள் கடிகாரத்தைப் பார்த்தாள். வாசலில் வேன் ஹாரன் அடித்தது. முத்துமீனாவைப் பார்த்தாள், அவளும் அப்பாவுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். "அப்பனும் மகளும் நல்லா வந்து வாய்ச்சீக" என்று முணுமுணுத்தபடி பேனாவை எடுத்தாள்.

"கைய எடுங்கண்ணே. நீங்க பாக்கவே எழுதுறேன்."

கருப்பு கையை எடுத்தார். அவள் எழுதி, தேதி போட்டு, முத்திரை குத்தி, தாளை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். கருப்பு மகளை வாசிக்கச் சொன்னார்.

"பொருள்: தண்ணீர்" என்று வாசித்தாள் முத்துமீனா.